பழைய ராக் பத்திரிகையை வைத்து அதன் வாழ்வையும் தாழ்வையும் படித்தெடுப்பது எப்படி

ராக் பத்திரிகை ஒன்றின் வரலாற்றை எழுதலாம் என்று உட்காருகிற பலரும் முதலில் செய்வது, எந்த இதழ் அட்டையில் யார் படம் வந்தது என்று பட்டியல் போடுவதுதான். அந்தப் பட்டியல் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பத்திரிகை எப்போது கொழுத்தது, எப்போது இளைத்தது, ஏன் நின்றுபோனது என்று ஒரு வரி கூட அதிலிருந்து தெரியாது. அதற்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த இதழ் யார் காசில் அச்சானது? வாசகர் கொடுத்த விலையிலா, விளம்பரக்காரர் காசிலா, முதலாளியின் கையிருப்பிலா? இதற்கான பதில் இதழுக்குள்ளேயே, பெரும்பாலும் நாம் புரட்டித் தள்ளும் பக்கங்களில், அச்சாகிக் கிடக்கிறது. புதுச்சேரியில் இருந்துகொண்டே, பெரிய செலவில்லாமல், அதை எப்படித் தோண்டி எடுப்பது என்று சொல்கிறேன்.

முதலில் இதழ்கள் வேண்டும்

இந்த வேலைக்கு நம் ஊர் மாதிரி தோதான ஊர் தமிழ்நாட்டுப் பக்கத்தில் குறைவு. சொல்தா குடும்பங்கள் (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள்), பிரான்சில் வேலை பார்க்கும் பிள்ளைகள், 1968-இல் ஆரோவில் தொடங்கியதிலிருந்து வந்து தங்கியவர்கள் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் பெட்டியில் வந்து சேர நமக்குப் பல வழிகள் இருந்திருக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டும்போதும், காலி செய்யும்போதும், பெரியவர்கள் போன பிறகு அலமாரியை ஒழிக்கும்போதும் அவை வெளியே வரும். வந்தால் போகும் இடம் இரண்டுதான்: பழைய பேப்பர் கடை, இல்லையென்றால் காந்தி வீதி சண்டே மார்க்கெட்.

சண்டே மார்க்கெட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பழைய பேப்பர் கடை என்றால் அடிக்கடி எட்டிப் பார்ப்பதைவிட, கடைக்காரரிடம் ஒரு தடவை தெளிவாகச் சொல்லி வைப்பது பலன் தரும். "அண்ணே, இங்கிலீஷ், பிரெஞ்சு பாட்டு புக்கு எதுனா வந்தா எடைக்குப் போட்றாதீங்க, கிலோ ரேட்டுக்கு மேல போட்டுத் தர்றேன்" என்றால் போதும், அவர் எடுத்து வைப்பார். சொன்ன மாதிரியே கூடக் கொடுங்கள், கந்தலாக இருக்கும் இதழையும் மறுக்காமல் வாங்குங்கள். ஒரு தடவை வேண்டாமென்று விட்டால் அடுத்த கட்டு நேராகத் தராசுக்குத்தான் போகும்.

ஜூன் 21 வாக்கில் நம் ஊரில் நடக்கும் ஃபெத் த லா மியூசிக் என்ற இசைத் திருவிழாவில் வாசிக்க வரும் மூத்த கிட்டார்காரர்களிடமும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் பத்திரிகைதான் அவர்களுக்குப் பாடப்புத்தகம். அதனால் சட்டென்று தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு நிபந்தனை. ஒரே ஒரு பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். பல பத்திரிகைகளில் ஒவ்வொரு இதழ் வைத்திருப்பதைவிட, ஒரே பத்திரிகையில் ஆண்டுகள் தள்ளித் தள்ளிக் கிடைத்த சில இதழ்கள் அதிகம் பேசும்.

அட்டவணை போடுங்கள்

நோட்டிலோ எக்செல்லிலோ ஒரு இதழுக்கு ஒரு வரி. இதழ் எண், தேதி, விலை, பக்கங்கள், வாரமா மாதமா, தாள் என்ன வகை, முழுப்பக்க விளம்பரங்கள் எத்தனை, அவற்றில் இசைத்தட்டு நிறுவனங்களுடையது எத்தனை, இலவச இணைப்பு உண்டா, யார் ஆசிரியர், யார் உரிமையாளர். இவ்வளவுதான். கட்டுரைகளைப் படிக்கும் ஆசை வரும், எனக்கும் வரும், ஆனால் அட்டவணை முடிகிற வரைக்கும் தள்ளிப் போடுங்கள். இல்லையென்றால் முதல் இதழிலேயே ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும்.

அட்டைத் தேதியை அப்படியே நம்ப வேண்டாம். மாத இதழ்கள் பல, குறிப்பாக அமெரிக்கப் பத்திரிகைகள், அட்டையில் போட்டிருக்கும் மாதத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிடும். பிரெஞ்சு இதழாக இருந்தால் பொடி எழுத்தில் 'தெப்போ லெகால்' (சட்டப்படி அரசிடம் பிரதி ஒப்படைத்த குறிப்பு) என்று ஒரு வரியும் கூடவே எந்தக் காலாண்டு அல்லது மாதம் என்றும் இருக்கும். அட்டை கிழிந்துபோன இதழுக்கு அந்த வரிதான் பிறந்த சான்றிதழ். 1966-இல் 'ஜாஸ் ஹாட்' பத்திரிகையின் சிறப்பிதழாகப் பிறந்து இன்று வரை வந்துகொண்டிருக்கும் 'ராக் அண்ட் ஃபோக்' மாதிரியான நீண்ட ஆயுள் பத்திரிகைக்கு இது மிகவும் உதவும்.

அடுத்து உரிமையாளர். அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயர் வரும் அந்தச் சின்னப் பெட்டியை ஒவ்வொரு இதழிலும் போனில் படம் எடுத்துவிடுங்கள். இந்தியப் பத்திரிகை என்றால் மார்ச் இதழைத் தேடிப் பிடியுங்கள். 2024-இல் புது விதிகள் வரும் வரை இருந்த 1956-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் படிவம் 4 அச்சிட வேண்டியிருந்தது. அதில் அச்சகத்தார், வெளியீட்டாளர், ஆசிரியர் பெயரோடு, மூலதனத்தில் 1 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் பெயரும் வரும். அடுத்தடுத்த ஆண்டுகளின் மார்ச் இதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தலையங்கத்தில் யாரும் சொல்லாத கைமாற்றம் அங்கே தெரிந்துவிடும். அமெரிக்க இதழ்களில் இதற்கு இணையானது அஞ்சல் துறைக்காகப் போடும் உரிமை அறிக்கை. அக்டோபர், நவம்பர் வாக்கில் வரும் இதழ்களின் பின்பக்கங்களில் பாருங்கள். எத்தனை பிரதி அச்சடித்தார்கள், எத்தனை காசுக்குப் போனது, எத்தனை திரும்பி வந்தது என்று எல்லாமே அதில் இருக்கும். பிரிட்டிஷ் பத்திரிகை என்றால் ஏபிசி என்ற விற்பனைத் தணிக்கை அமைப்பின் எண்கள் உண்டு.

எண்ணிக்கையை எப்படிப் படிப்பது: என்எம்இ கதை

விற்பனை எண்ணிக்கை ஏறினால் பத்திரிகை நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். அந்த நினைப்பை உடைக்க லண்டனின் 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்', சுருக்கமாக என்எம்இ, போதும்.

'அக்கார்டியன் டைம்ஸ் அண்ட் மியூசிகல் எக்ஸ்பிரஸ்' என்று நொடித்துப் போயிருந்த ஒரு பத்திரிகையை மாரிஸ் கின் என்பவர் 1,000 பவுண்டுக்கு வாங்கி 1952 மார்ச்சில் புதுப் பெயரில் விட்டார். அதே ஆண்டு நவம்பரில் பெர்சி டிக்கின்ஸ் கடை கடையாகப் போன் செய்து எந்தத் தட்டு எவ்வளவு விற்றது என்று கேட்டு, பிரிட்டனின் முதல் தனித்தட்டு விற்பனைப் பட்டியலைப் போட்டார். அந்த ஒரு பக்கம் வாசகரையும் இழுத்தது, தட்டு நிறுவனங்களின் விளம்பரத்தையும் இழுத்தது. 1964-இல் பீட்டில்ஸ் அலையில் விற்பனை வாரத்துக்கு 3 லட்சத்து 6 ஆயிரத்தைத் தாண்டியது. இதெல்லாம் வாசகர் காசு கொடுத்து வாங்கிய பிரதிகள்.

1972-க்கு வந்தால் பத்திரிகை சாகக் கிடக்கிறது. உரிமையாளரான ஐபிசி நிறுவனம், 12 இதழுக்குள் தேறாவிட்டால் மூடிவிடுவோம் என்று கெடு வைத்தது. ஆலன் ஸ்மித் ஆசிரியராகி, நிக் கென்ட், சார்லஸ் ஷார் மரே போன்றவர்களை மாற்றுப் பத்திரிகைகளிலிருந்து கூட்டி வந்தார். நடை மாறியது, பத்திரிகை பிழைத்தது. இந்தக் காலத்து இதழ்கள் எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஒரு பத்திரிகை உயிருக்குப் போராடுவதை வாரா வாரம் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். எழுதுபவர் பெயர் எப்போது மாறுகிறது, கட்டுரையின் நீளம் எப்போது கூடுகிறது, வாசகர் கடிதத்தில் பழைய வாசகர்களின் திட்டு எந்த வாரம் தொடங்குகிறது, எந்த வாரம் ஓய்கிறது என்று குறித்துக்கொண்டே போனால், ஆசிரியர் குழுவின் பழங்கதைகள் இல்லாமலே அந்தத் திருப்பம் உங்கள் நோட்டில் பதிந்துவிடும்.

அப்புறம் 2015. விற்பனை சுமார் 15,000 வரைக்கும் இறங்கிவிட்டிருந்த பத்திரிகையை அந்த செப்டம்பரிலிருந்து ரயில் நிலையங்களிலும் கல்லூரிகளிலும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2016-இல் வந்த தணிக்கை எண் 3,07,217. 1964-ஐயும் மிஞ்சி, அதன் வரலாற்றிலேயே அதிகம்! இரண்டே ஆண்டில், 2018 மார்ச்சில், அச்சு இதழ் நின்றது. எண்ணிக்கையை மட்டும் வரைபடமாகப் போட்டால் சிகரத்தின் உச்சியிலிருந்து பத்திரிகை திடீரென்று காணாமல் போன மாதிரி இருக்கும். விலை என்ற கட்டத்தில் 2015 செப்டம்பரிலிருந்து பூஜ்ஜியம் என்று உங்கள் அட்டவணை காட்டும்போதுதான், வாசகர், விளம்பரம், முதலாளி என்ற மூன்று கால்களில் வாசகர் காசு என்ற கால் போய், பெரும்பாலும் விளம்பரம் என்ற ஒரே காலில், இணையம் அதையும் இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அது நின்றது புரியும். 2023-இல் இரண்டு மாதத்துக்கு ஒரு இதழாக அச்சில் மறுபடி வந்தது, அதற்குள் உரிமையாளர் வேறு, வாசகர் வேறு. இந்த மாதிரி இடைவெளிக்குப் பின் வருவதைப் பழைய வரலாற்றின் தொடர்ச்சியாக எழுதாமல் தனி அத்தியாயமாகப் பிரித்து வையுங்கள். டெட்ராய்ட்டில் 1969-இல் தொடங்கி 1989-இல் நின்று 2022-இல் திரும்பிய 'க்ரீம்' பத்திரிகைக்கும் இதுவே பொருந்தும்.

விளம்பரப் பக்கங்களில் நேரம் செலவழியுங்கள்

இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முழுப்பக்க விளம்பரங்களைப் பிரித்து எண்ணுங்கள்: இசைத்தட்டு நிறுவனம், கருவிக் கடை, கச்சேரி ஏற்பாட்டாளர், அப்புறம் இசைக்குச் சம்பந்தமில்லாத சிகரெட், ஜீன்ஸ், மது, கார். இசை விளம்பரம் குறைந்து மற்றவை கூடினால் பத்திரிகை தன் வாசகரை இசை ரசிகராகப் பார்ப்பதை விட்டு, செலவழிக்கும் கையாகப் பார்க்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். 'ரோலிங் ஸ்டோன்' 1967 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜான் வென்னரும் ரால்ஃப் கிளீசனும் 7,500 டாலர் கடன் திரட்டித் தொடங்கிய, செய்தித்தாள் மாதிரி மடித்து வந்த பத்திரிகை. 1977-இல் அலுவலகம் நியூயார்க்குக்குப் போனது. அந்த இடமாற்றத்துக்கு முந்தைய ஒரு இதழையும் பல ஆண்டு பிந்தைய ஒரு இதழையும் எடுத்து வெறும் விளம்பரங்களை மட்டும் புரட்டுங்கள், இரண்டு வேறு பத்திரிகை என்றே தோன்றும்.

வரி விளம்பரங்களையும் விட்டுவிடாதீர்கள். 1926-இல் தொடங்கிய 'மெலடி மேக்கர்' இதழின் பின்பக்கங்களில் "டிரம்ஸ் வாசிக்க ஆள் தேவை" வகை விளம்பரங்கள் கொட்டிக் கிடக்கும். 1970-இல் அப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்துப் போய்த்தான் டிரம்ஸ்காரர் ஃபில் காலின்ஸ் ஜெனிசிஸ் என்ற ஆங்கில ராக் குழுவில் சேர்ந்தார். வாசிக்கிறவர்கள் அதை வாரா வாரம் வாங்க இதுவே ஒரு காரணம், பத்திரிகைக்கோ வரிக்கு வரி வருமானம். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் அது என்எம்இயோடு இணைக்கப்பட்டது. உங்கள் பத்திரிகையிலும் வரி விளம்பரம் எத்தனை பத்தி ஓடுகிறது என்று ஸ்கேல் வைத்தே அளந்து பாருங்கள். அது சுருங்கத் தொடங்கும் ஆண்டைக் குறித்து, அதற்கப்புறம் விலையும் பக்கமும் என்ன ஆகின்றன என்று தொடருங்கள்.

இலவச இணைப்பும் ஒரு தடயம்தான். கேசட், வளையும் தட்டு (மெல்லிய பிளாஸ்டிக் இசைத்தட்டு), பிறகு சிடி. அட்டையில் பசை உரிந்த வட்டமோ செவ்வகமோ இருந்தால் இணைப்பு இருந்திருக்கிறது, உங்களுக்கு முந்தைய சொந்தக்காரர் எடுத்து வைத்துக்கொண்டார் என்று அர்த்தம். எப்போதாவது ஒரு தடவை இணைப்பு கொடுப்பது கொண்டாட்டம். என்எம்இ 1981-இலும் 1986-இலும் விட்ட சி81, சி86 கேசட்டுகள் அப்படித்தான், பின்னது ஒரு இசைப் பாணிக்கே பெயராக நின்றுவிட்டது. ஒவ்வொரு மாதமும் சிடி கொடுத்தால்தான் வாங்குவார்கள் என்ற நிலை வேறு. விலையும் சேர்ந்து ஏறுகிறதா என்று அட்டவணையைப் பாருங்கள்.

சில சமயம் இணைப்பாக வந்த குட்டியே தாயை மிஞ்சும். 'சவுண்ட்ஸ்' வார இதழின் இணைப்பாக 1981-இல் வந்தது 'கெர்ராங்'. சவுண்ட்ஸ் 1991-இல் நின்றது, ஹெவி மெட்டல் ரசிகர்கள் கெர்ராங்கைக் கைவிடவில்லை. பழைய கட்டில் மெலிசான இணைப்பு ஏதாவது தனியாக விழுந்தால் தூக்கிப் போடாமல் அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

நம் பக்கத்துப் பத்திரிகைகள்

வெளிநாட்டு இதழ்களுக்கு இணையத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும். 'ஸ்பின்' என்ற அமெரிக்க இசை இதழின் பழைய தொகுப்பு கூகுள் புக்ஸில் இருக்கிறது, வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரி தளத்தில் மெலடி மேக்கர், என்எம்இ ஸ்கேன்கள் ஏராளம், இன்டர்நெட் ஆர்கைவிலும் தேடலாம். உங்களிடம் இல்லாத இதழ்களின் வரிகளை அங்கே பார்த்து நிரப்புங்கள், ஆனால் எது கையில் பார்த்தது, எது திரையில் பார்த்தது என்று தனித்தனி நிறத்தில் வையுங்கள். ஸ்கேனில் விளம்பரப் பக்கமோ பின்னட்டையோ விடுபட்டிருக்கலாம், தாளின் தரம் தெரியவே தெரியாது.

இந்திய ராக் பத்திரிகைகளுக்கு அந்தச் சொகுசு இல்லை, அதனால்தான் நீங்கள் அதில் ஒன்றை எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கல்கத்தாவில் 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் நிறுவனம் 1967-இல் தொடங்கிய 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்', டெஸ்மண்ட் டாய்க் ஆசிரியராக இருந்து, 1977 வரை ஓடியது. முழுக்க இசைப் பத்திரிகை இல்லை, ஆனால் அந்தக் காலத்து இளைஞர்களிடம் பாப், ராக் செய்தியைக் கொண்டுபோனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. முதலாளி காசில் தொடங்கும் பத்திரிகையை நிறுத்துவதும் முதலாளி கையில்தான் என்பதற்கு அதைப் படிக்கலாம்.

அடுத்தது 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்'. 1993-இல், பம்பாயிலோ பெங்களூரிலோ இல்லை, அலகாபாத்தில் அமித் சைகல் தொடங்கியது. ஊருக்கு ஊர் தனித்தனியாக வாசித்துக்கொண்டிருந்த குழுக்களுக்கு, இணையம் வீட்டுக்கு வராத காலத்தில், ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள அதுவே இடமாக இருந்தது. பத்திரிகையோடு கிரேட் இண்டியன் ராக் விழாவும், இந்தியக் குழுக்களின் பாட்டுத் தொகுப்புகளும் சேர்ந்து வளர்ந்தன. ஆக இங்கே அட்டவணையில் ஒரு கட்டம் கூட வேண்டும்: விழா, தொகுப்பு பற்றிய பக்கங்கள் எத்தனை? விற்பனையும் விளம்பரமும் போதாத சந்தையில் மேடை நான்காவது காலாக எவ்வளவு தாங்கியது என்பதை அந்தக் கட்டம்தான் காட்டும். அமித் சைகல் 2012 ஜனவரியில் கோவாவில் இறந்தார். ஒரு மனிதரின் ஓட்டத்தில் நின்ற பத்திரிகை அவருக்குப் பின் என்ன ஆகிறது என்பதை 2011, 2012 இதழ்களை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள், நிதானமாக. 'ரோலிங் ஸ்டோன்' இந்தியப் பதிப்பு 2008-இலேயே வந்துவிட்டது, அதன் விளம்பரப் பக்கங்களையும் கூட வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி.

விநியோகத்தை மறந்துவிடாதீர்கள் என்று சொல்ல நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. பாரதியின் 'இந்தியா' வார இதழ் 1908-இல் சென்னையிலிருந்து பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு வந்து இங்கேயே அச்சானது. எழுத ஆள் இருந்தது, அச்சகம் இருந்தது, படிக்க ஆள் இருந்தது. படிப்பவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்தார்கள், உள்ளே வரக் கூடாது என்று அங்கே தடுத்ததும் 1910-இல் இதழ் நின்றது. ராக் பத்திரிகைக்கும் அப்படியே பாருங்கள். சந்தா விண்ணப்பத்தில் தபால் செலவு எவ்வளவு, எந்த ஊர்க் கடைகளில் கிடைக்கும் என்று பட்டியல் இருக்கிறதா, அதில் சென்னைக்குத் தெற்கே ஏதாவது ஊர் உண்டா? "இதழ் வந்து சேரவில்லை" என்ற கடிதங்கள் எந்த ஆண்டில் அதிகம்?

நம் ஊர்க் காற்றில் இதழ் பிழைக்க

அட்டவணை முடிவதற்குள் இதழ் அழிந்துபோனால் என்ன பயன்? செய்தித்தாள் ரகத் தாளில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சத்திலும் காற்றிலும் மஞ்சளாகி நொறுங்கும், நம் கடற்காற்றின் ஈரம் அதை வேகப்படுத்தும். வெளிச்சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள். துருப்பிடித்த பின்னை மெதுவாகப் பிரித்து எடுத்துவிடுங்கள். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம், லேமினேஷனும் வேண்டாம். உறை போடுவதென்றால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை. பிவிசி உறை நாளடைவில் மையை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். ராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும்தான் பிடிக்கும், மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் ஆற விட்டாலே பாதி ஒழிந்துவிடும்.

மழைக்காலம்தான் பெரிய கவலை. 2011 டிசம்பரில் 'தானே' புயல், 2024 நவம்பர் கடைசியில் 'ஃபெஞ்சல்' புயல் என்று பார்த்த ஊர் நம்முடையது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஐப்பசி பிறக்கும்போதே கட்டுகளைப் பரண் மேல் ஏற்றிவிடுங்கள். அப்படியும் நனைந்துவிட்டால், வழவழப்பான தாள் இதழ்களை முதலில் கவனியுங்கள். அதன் பூச்சு ஈரத்தில் இளகி, காயும்போது பக்கத்தோடு பக்கம் ஒட்டி ஒரே கட்டையாகிவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. இரண்டு நாளுக்குள் பக்கம் பக்கமாகக் காய வைக்க முடியாது என்று தோன்றினால், தனித்தனிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், கரண்ட் இருந்தால். உறைந்த நிலையில் ஒட்டாது, பூஞ்சையும் வளராது. பிறகு நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து, பக்கங்களுக்கு நடுவில் உறிஞ்சும் தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் காய வைக்கலாம். வெயிலில் மட்டும் போடாதீர்கள்.

கடைசியாக, எழுதி முடித்ததை வெளியிடும்போது முழு இதழின் ஸ்கேனை ஏற்றாதீர்கள், அதன் உரிமை இன்னும் யாரிடமோ இருக்கும். அட்டவணை உங்களுடையது, அதைத் தாராளமாகப் பகிருங்கள். கிடைக்காத இதழ்களுக்கு எண்ணைப் போட்டு வரியைக் காலியாகவே விட்டு வையுங்கள். அந்தக் காலி எண்களை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, பேப்பர் கடை அண்ணனின் தராசுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.